மூன்றாவது பட்டையின் வாடகை

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் வாடகை என்ன என்று தெரிந்துகொள்ள வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. குடியிருப்பவரின் சட்டைக் கையைப் பார்த்தால் போதும். கையில் ஒரு பட்டை தைத்திருந்தால் ஒரு வாடகை. இரண்டு பட்டை என்றால் அதற்கு மேலே.

ராணுவ முகாமுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிற தெரு இது. முகாமுக்குள் குடும்பத்தோடு தங்க எல்லாருக்கும் வீடு கிடையாது. கிடைக்காதவர்களை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ளச் சொல்லி ராணுவம் மாதாமாதம் வீட்டுப்படி கொடுக்கிறது. பட்டைக்குத் தகுந்த படி. அந்தத் தொகை ராணுவ ரகசியம் அல்ல என்பதால், தெருவில் வீடு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். ராணுவம் படியை நிர்ணயிக்கிறது, அவர்கள் அதையே வாடகையாகச் சொல்கிறார்கள். நடுவில் சிப்பாய் என்று ஒருவர் இருப்பது பணத்தைக் கைமாற்றிவிட மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்காரம்மாவைத் தெருவே ‘ஜெனரல்’ என்றுதான் சொல்லும். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். அடுத்தவர் பேச்சைக் கேட்பதை அங்கே சம்பளத்துக்குச் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு சேவையாகச் செய்கிறார். ஒரே வளாகத்தில் அவருக்கு ஆறு வீடுகள். ஆறும் ஒரே அச்சு: ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மூன்று பேர் ஒற்றைப் பட்டை, மூன்று பேர் இரட்டைப் பட்டை. மூன்று பட்டைக்காரர் யாரும் அந்த வளாகத்தில் குடியிருந்ததே இல்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. பேரன் பேத்தி இல்லாதவர்கள் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்ப்பது போல, தெருவில் போகும் மூன்று பட்டைக்காரர்களைப் பார்ப்பார்.

இரட்டைப் பட்டை மூவரில் ஒருவர் என் மாமா. அக்காவின் கணவர். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறார். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கல்லூரி பக்கம் என்பதால் அவர்கள் வீட்டுக் கூடத்தில் குடியேறி, இன்னும் யாரும் கிளம்பச் சொல்லாததால் இருந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா தணிக்கையாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிவிட்டாள். முதல் தடவை ஏழு மதிப்பெண்ணில் போனது, இரண்டாம் தடவை நாலு மதிப்பெண்ணில். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கு மேல் எழுத விட மாட்டார்கள். தேர்வுக்கு நாலரை மாதம் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டில் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரே அறை குளியலறை. கூடத்தில் நானும் டிவியும். படுக்கையறையில் மாமாவின் குறட்டை. டீசல் என்ஜின்களோடு பழகுகிறவர் என்பது தூக்கத்திலும் தெரியும். ஆகவே அக்கா குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் தலையணையைப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். யாருக்காவது குளிக்க வேண்டுமென்றால் கதவைத் தட்டி, எந்த அத்தியாயம் போகிறது என்று விசாரிக்க வேண்டும்.

“இன்னும் நிறுமச் சட்டம் முடியலடா. போய் அப்புறம் வா.”

“காலேஜுக்கு நேரமாச்சுக்கா!”

“முகத்தைக் கழுவிட்டுப் போ. உன்னை யாரு மோந்து பாக்கப் போறா?”

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, மொட்டைமாடியில் ஒரு அறை உண்டு. ஜன்னல், மின்விசிறி, வெளிச்சம் எல்லாம் இருந்தது. ஆனால் ஜெனரல் அதில் பழைய கதவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஊரில் எங்கே வீடு இடித்தாலும் போய், நல்ல மரமாகப் பார்த்து ஒரு கதவை வாங்கி வந்துவிடுவார். என்றாவது பங்களா கட்டும்போது உதவுமாம். பதினொரு கதவுகள் சேர்ந்துவிட்டன. பங்களா மட்டும்தான் பாக்கி. அந்த அறையைத் தரமுடியுமா என்று அக்கா ஒரு தடவை கேட்டதற்கு, “அப்ப கதவையெல்லாம் எங்கம்மா வைக்கிறது, தெருவிலயா?” என்று முடித்துவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒரு மாலை மாமா வீட்டுக்குள் வந்து முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு இன்னொரு ஜன்னலையும் சாத்தினார்.

“கிடைச்சிருச்சு” என்றார் கிசுகிசுப்பாக.

“என்னது கிடைச்சிருச்சு? ஏங்க திருடிட்டு வந்த மாதிரி சொல்றீங்க?”

மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே காகிதத்தில் சுற்றி நாலு புதுப் பட்டைகள். சட்டைக்கு இரண்டு வீதம், இரண்டு சட்டைக்கு. மூன்றாவது பட்டை வந்துவிட்டது.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனால் கணக்குப் படிப்பவள் என்பதால் அதிக நேரம் கலங்கவில்லை. “சம்பளத்துல ஏறுறது உங்க பைக் கடனுக்குச் சரியாப் போயிடும். வீட்டுப்படி எவ்வளவு ஏறும்?”

மாமா சொன்னார்.

“மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. வாடகை கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாலு மாசம் எடுத்துக்கலாங்க. எனக்குன்னு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வாளி இல்ல.”

‘வாளி இல்ல’ என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் மாமாவும் தரையைப் பார்த்தோம்.

“ஜெனரலுக்குத் தெரிஞ்சா?” என்றேன் நான்.

தெரிந்தால் முடிந்தது கதை. அடுத்த மாதமே வாடகை மூன்று பட்டைக்கு ஏறிவிடும். ஏறிய படி அப்படியே ஜெனரல் கைக்குப் போய்விடும், அக்கா வாளிக்குத் திரும்பிவிடுவாள். முகாம் வாசலில் பட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரர் வேறு, ஜெனரலின் கூடப் பிறந்த தம்பி. அவரிடம் பட்டையைக் கொடுப்பதும் ஜெனரல் வீட்டு வாசலில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று.

“நானே தைக்கிறேன்” என்றாள் அக்கா. “ஆனா ஒரேயடியா இல்ல.”

கடையில் போய் பிரஸ் பட்டன் வாங்கி வந்தாள். பட்டைக்கு நாலு. தைத்து முடித்ததும் மாமாவை நிறுத்திப் பரிசோதித்தாள். டப், டப், டப், டப். கைக்கு நாலே சத்தத்தில் மாமா பதவி உயர்ந்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று பதவி இறங்கினார்.

“இது சட்டப்படி சரியா?” என்றார் மாமா கவலையோடு. அவருக்குப் பொய் வராது. பொய்க்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதுகூட அவருக்கு ஆகாது.

“யாராச்சும் கேட்டா உண்மையைச் சொல்லுங்க. கேக்காதவங்க கிட்ட போய்ச் சொல்லணும்னு சட்டம் இல்ல.”

அன்றிலிருந்து மாமா காலையில் இரட்டைப் பட்டையாகத் தெருவைக் கடப்பார். பஸ் நிறுத்தத்தில் பற்பசை விளம்பரப் பலகை ஒன்று உண்டு. அதன் பின்னால் போய் டப்டப் என்று பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று பட்டையாக பஸ் ஏறுவார். மாலையில் அதே பலகைக்குப் பின்னால் தன்னைத் தானே பதவி இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எந்த ராணுவத்திலும் இவ்வளவு சீராகப் பதவி ஏறி இறங்கியவர் இருந்திருக்க மாட்டார்.

பதினெட்டாம் நாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. மாமா ஓடிப்போய் ஏறிவிட்டார். அன்றைக்குப் பார்த்துப் பெரிய அணிவகுப்பு. நடந்ததை மாமாவே இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பரேடு ஆபீசர் என் முன்னாடி வந்து நின்னுட்டார். ‘உன் மூணாவது பட்டை எங்கய்யா’ன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பேன்ட் பாக்கெட்ல சார்னேன்.”

“ஐயோ!”

“‘உன்னை யாரு பதவி இறக்கினது’ன்னார். ‘வீட்டம்மா சார்’னேன்.”

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

“‘இப்பவே போடு’ன்னார். போட்டேன். நூத்தம்பது பேர் நிக்கிற மைதானம், ஊசி விழுந்தா கேக்கும். டப் டப் டப் டப்.” மாமா ஒரு வாய் சாப்பிட்டார். “ரெண்டு கைக்கும்.”

நாளைக்குள் பட்டையை ஒழுங்காகத் தைத்துக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு. அதுகூடப் பரவாயில்லை, தெருவில் வரும்போது மேலே இன்னொரு சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டார். அந்த வாரமே சம்பளச் சீட்டு வந்தது. சம்பளம் ஏறியிருந்தது. வீட்டுப்படி அப்படியே இருந்தது. மாமா கணக்குப் பிரிவுக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த குமாஸ்தா கொட்டாவியை நடுவில் நிறுத்திப் பதில் சொன்னார்.

“நீங்க நிஜமா குடுக்கிற வாடகை எவ்வளவோ, படி அவ்வளவுதான் சார். பட்டைக்குன்னு போட்டிருக்கிறது உச்ச வரம்பு. உங்க வாடகை ஏறலையே, அப்புறம் படி எப்படி ஏறும்? வீட்டுக்காரங்க கையெழுத்தோட புது பாரம் கொண்டாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள. விட்டா அடுத்த வருஷம்தான்.”

அதாவது, வாடகை ஏறாமல் படி ஏறாது. படி ஏறினால் அது வாடகைக்குப் போய்விடும். மூன்று வாரமாக மாமா விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றது, வராத பணத்தை ஜெனரலிடமிருந்து காப்பாற்றுவதற்காக.

இதைக் கேட்டதும் அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது அவமானம். “தணிக்கைக்குப் படிக்கிறவ நான். ஒரு பாரத்தைப் பின்பக்கம் திருப்பிப் படிக்காம ப்ளான் போட்டிருக்கேன் பாரு!” அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது பின்பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது.

“உங்க சட்டையைக் குடுங்க. ஜெனரலைப் பாத்துட்டு வரேன். டேய், நீயும் வா. சாட்சிக்கு.”

ஜெனரல் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா மூன்று பட்டைச் சட்டையை அவர் முன்னால் மேஜையில் விரித்தாள். ஜெனரல் பதறவில்லை. பட்டையை விரலால் ஒரு தடவை தடவினார்.

“வாம்மா. மூணு வாரம் ஆச்சு. இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?”

“உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?”

“ஒரு மனுஷன் தினமும் காலைலயும் சாயங்காலமும் பலகைக்குப் பின்னாடி போய் ரெண்டு நிமிஷம் நிக்கிறார். முதல்ல சர்க்கரை வியாதின்னு நெனச்சேன். இந்த வயசுலயேன்னு பாவமாக்கூட இருந்துச்சு. அப்புறம் என் தம்பி, பரேடுல பட்டன் போட்ட கதையைச் சொன்னான். சிரிச்சு சிரிச்சு எனக்கு விலாப் பிடிச்சுக்கிச்சு.”

“அப்ப ஏன் வாடகை கேக்கல?”

“எனக்கும் மானம் மரியாதை இருக்கில்ல? பலகைக்குப் பின்னாடி நடக்கிறதை வெச்சா வாடகை ஏத்துறது? நீயே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லிட்ட. அடுத்த மாசத்துலேருந்து மூணு பட்டை வாடகை.” குரலில் இருந்த திருப்தியைப் பார்த்தால் அவருக்கே பதவி உயர்வு கிடைத்தது போலிருந்தது.

“தாராளமா வாங்கிக்கங்க. ஆனா இதைக் கொஞ்சம் கேளுங்க.” அக்கா பாரத்தைத் திருப்பி வாசித்தாள். மூன்று பட்டைக்காரரின் வீட்டில் இரண்டு படுக்கையறைகள் இருக்க வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து அளப்பார். இல்லையென்றால் இரண்டு பட்டைக்கு உரிய படியே வழங்கப்படும்.

“அதுக்கு?”

“ரெண்டாவது படுக்கையறை மேல இருக்கு.”

“மேல கதவு இருக்கும்மா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். கதவை எடுத்தா ரூம். ரூம் இருந்தா படி. படி வந்தா உங்களுக்கு வாடகை. கதவு அங்கேயே இருந்தா, நீங்க எவ்வளவு வாடகை சொன்னாலும் அவங்க தரப்போறது ரெண்டு பட்டைக்குத்தான். மிச்சத்தை எங்களால தரமுடியாது. அப்புறம் நாங்க வேற வீடு பாக்கணும்.”

“பயமுறுத்துறியா?”

“பாரத்தைப் படிச்சுக் காட்டுறேன்.”

ஜெனரல் டீயை ஒரு மடக்கு குடித்தார். “இத்தனை வருஷத்துல இந்தத் தெருவுக்கு டேப்பைத் தூக்கிட்டு எவனும் வந்ததில்ல. வரட்டும், பாத்துக்கலாம்” என்று கையெழுத்தைப் போட்டார்.

மூன்றே நாளில் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், இடுப்பில் அளவு நாடா, கையில் அட்டை. ஜெனரலும் கூடவே நுழைந்தார். ஆய்வாளர் படுக்கையறையை அளந்து “ஒண்ணு” என்று எழுதினார்.

“இது ரெண்டு” என்று ஜெனரல் கூடத்தைக் காட்டினார்.

“இது கூடம்தாம்மா.”

“அந்தத் தம்பி இங்கதான் சார் படுக்கிறான். தம்பி, படுத்துக் காட்டு!”

நான் படுத்துக் காட்டினேன். பத்து நாள் வாடகை பாக்கி வைத்தவன் போலக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

“ஆள் படுக்கிற இடமெல்லாம் படுக்கையறை ஆகாதும்மா. அப்படிப் பாத்தா மத்தியானம் எங்க ஆபீஸ் முழுக்கப் படுக்கையறைதான்.”

ஜெனரல் விடவில்லை. குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார். “அப்ப இதைப் பாருங்க. தலையணையே போட்டிருக்கு!”

கவிழ்த்த வாளி, அதன் மேல் தலையணை, சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் தணிக்கைப் புத்தகம். ஆய்வாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்க யாரும்மா தூங்குறது?”

“யாரும் தூங்கல சார். நான் படிக்கிறேன்” என்றாள் அக்கா.

அவர் குனிந்து புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். “எத்தனாவது தடவை?”

“மூணாவது சார். கடைசி.”

“நான் ரெண்டாவதோட விட்டுட்டேன்” என்றார். அளவு நாடாவைச் சுருட்டினார். “நாளைக்குப் பத்து மணிக்கு இந்தத் தெருவுல இன்னொரு வீடு அளக்கணும். மாடியில ஒரு ரூம் இருக்கிறதை வரும்போதே பாத்தேன். அது காலியா இருந்தா அளந்து எழுதிக்கிறேன். இல்லைன்னா ரெண்டு பட்டைன்னு எழுதிடுவேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவர் போன பிறகு ஜெனரல் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். உதடுகள் அசைந்தன. இரண்டு பட்டைக்கும் மூன்று பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்குகிறார் என்று புரிந்தது.  அக்காவின் கைவிரல்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன.

“கதவுன்னா என்ன, சுவத்துல சாத்தி வெச்சாலும் கதவுதானே” என்றார் ஜெனரல் கடைசியில், தனக்குத்தானே. பிறகு வாசலுக்குப் போய், முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தை அதட்டிய அதே குரலில் கத்தினார். “டேய், வீட்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் வெளிய வாங்கடா!”

ஐந்து வீட்டுச் சிப்பாய்களும் பனியனோடு வந்தார்கள். மாமாவுக்கு மூன்றாவது பட்டை கிடைத்த பிறகு அவர் இட்ட முதல் கட்டளை: “கதவைத் தூக்கு!” பதினொரு கதவுகளும் அணிவகுப்பு போல மாடிப்படியில் இறங்கின.

“இடது... வலது... டேய், சுவத்தைப் பாருடா, அது வலது இல்ல!”

“அண்ணே, இந்தக் கதவுல அழைப்பு மணியே இருக்குண்ணே!”

“அடிச்சுப் பாக்காதடா, யாராச்சும் தொறந்துடப் போறாங்க.”

“பாலீஷ் போயிடப்போகுது, மெதுவா! பர்மா தேக்கு அது!” என்று ஜெனரல் நடுவே ஓடினார்.

ஒரு மணி நேரத்தில் கதவுகள் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. சாயங்காலத் தபாலோடு வந்த தபால்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏழாவது கதவைத் தட்டினார்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு ஆய்வாளர் மாடி ஏறினார். கூட்டிக் கழுவிய அறை, என் பாய், ஒற்றைப் பட்டைச் சிப்பாய் ஒருவரிடம் இரவல் வாங்கிய மடக்குக் கட்டில். நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார்.

“இங்க யார் தூங்கப் போறது?” என்று மாமாவைக் கேட்டார். பாரத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

 ‘யாரும் தூங்க மாட்டாங்க சார், படிப்பாங்க’ என்று சொல்லி அத்தனையையும் கவிழ்த்துவிடக்கூடியவர் மாமா. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள், மாமாவின் கை எட்டாததால்.

மாமா நேராக நின்றார். “என் மனைவி சார். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பத்தாவது பக்கத்துல தூங்கிடுவா.”

அது கலப்படமில்லாத உண்மை. ஆய்வாளர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ‘படுக்கையறை: இரண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

“பத்தாவது பக்கம் தாண்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

படி ஏறியது. வாடகை ஏறியது. ஏறிய பணத்தை மாமா வங்கியிலிருந்து எடுத்து ஜெனரலிடம் கொடுத்தார். எங்களுக்குச் சல்லிக் காசு மிச்சமில்லை. ஜெனரல் முதல் மூன்று பட்டை ரசீதை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை மாற்றினார். முதல் பேனா அந்தத் தொகைக்குப் போதுமான அளவு நன்றாக எழுதவில்லையாம்.

அன்று சாயங்காலம் நானும் மாமாவும் பழைய மேஜை ஒன்றை மாடிக்கு ஏற்றினோம். அக்கா புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். பிறகு எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

கீழே நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு அமைதி காத்தோம். டிவியில் படம் மட்டும் ஓடியது. மாமா தும்மல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அரை மணி நேரம் போயிருக்கும்.

“டேய்!” என்று மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “கீழ யாராச்சும் இருக்கீங்களா இல்லையா?”

“இருக்கோம்க்கா!”

“ஏண்டா ஒரு சத்தத்தையும் காணோம்?”

“நீ படிக்கிறியேன்னுதான்...”

“ஒண்ணுமே மண்டையில ஏற மாட்டேங்குது. காது கொய்ங்குது. அவரை ஏதாச்சும் சண்டை போடச் சொல்லு. லேசா.”

மாமா திருதிருவென்று விழித்தார். பொய்ச் சண்டை அவருக்கு வராது. நல்ல வேளையாக நான் மூன்று வாரமாக அவருடைய ஷேவிங் கிரீமைத் திருடிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

“அது நீதானா?” என்று மாமா உண்மையான கோபத்தோடு எழுந்தார். “மீசையே சரியா முளைக்கல, உனக்கு எதுக்குடா மாப்ள கிரீமு?”

“முளைக்கட்டும்னுதான் மாமா!”

“அதுக்கு என் டியூப்பா கிடைச்சுது? விலை என்ன தெரியுமா அது?”

நாங்கள் அப்படியே போய்க்கொண்டிருந்தோம். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மேலே ஒரு பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு நிறுத்திக் கேட்டபோதெல்லாம் இன்னும் சில.

மாமா விரலை உதட்டில் வைத்து எண்ணினார். பிறகு என்னிடம் குனிந்து, “பன்னிரண்டாவது பக்கம்” என்று கிசுகிசுத்துவிட்டு, திரும்பவும் சத்தமாக ஆரம்பித்தார். “இன்னொண்ணு கேக்கிறேன், என் நீலச் சட்டை எங்கடா?”